ஏழு வயதில் பார்க்கச் சொன்னேன், கம்பி போடச் சொல்லவில்லை

பல்லும் சொல்லும்: வாசகர் கேள்விகளுக்குப் பல் சீரமைப்பு மருத்துவரின் பதில்கள்

சென்ற இதழில் இந்தப் பகுதியில், "குழந்தைக்கு ஏழு வயதானதும் ஒருமுறை பல் சீரமைப்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்" என்று எழுதியிருந்தேன். ஒரே ஒரு வரி. மும்பை செம்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என் சின்ன கிளினிக்கின் தொலைபேசி அன்றிலிருந்து ஓயவில்லை. "தீபாவளி விடுமுறையிலேயே கம்பி போட்டு முடித்துவிடலாமா, டாக்டர்?" என்று கேட்டவர்கள் பாதிப் பேர். "எட்டு ஆகிவிட்டதே, காலம் கடந்துவிட்டதா?" என்று குரல் கம்மக் கேட்டவர்கள் மீதிப் பேர்.

பார்ப்பது வேறு, போடுவது வேறு. ஏழு வயதுக் குழந்தைகள் பத்துப் பேர் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தால், பெரும்பாலானவர்களை "ஆறு மாதம் கழித்து வா, கண்ணா" என்றுதான் திருப்பி அனுப்புகிறேன். அதற்குக் கட்டணம் வாங்கும்போது சில அப்பாக்கள் என்னைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே! ஒன்றும் செய்யாததற்கு எதற்குப் பணம் என்று வாய்விட்டே கேட்டவர்களும் உண்டு. ஆசிரியர் அனுப்பிய கடிதக் கட்டு இந்த முறை கனமாக இருக்கிறது. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

முலுண்டிலிருந்து ஒரு தாயார்: "என் மகளுக்கு ஏழரை வயது. கீழே இரண்டு முன்பற்கள் பால் பற்களுக்குப் பின்னால் முளைத்து, இரட்டை வரிசையாக நிற்கின்றன. மேலே புதிதாக வந்த இரண்டு பெரிய பற்களுக்கு நடுவே இடைவெளி. ஒரு கிளினிக்கில் காட்டினோம். இப்போதே ஒரு வருடம் கம்பி போட வேண்டும், பன்னிரண்டு வயதில் மறுபடியும் போட வேண்டும், விட்டால் முகமே கோணிவிடும் என்றார்கள். என் மாமியாரோ எல்லாம் தானாகச் சரியாகும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?"

இந்த ஒருமுறை மாமியார் சொல்வதைக் கேளுங்கள். நான் மாமியார் கட்சி என்று வாசகிகள் கோபிக்க வேண்டாம். கீழே ஒரு பாட்டிக்கு எழுதியிருக்கும் பதிலையும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

முதலில் கீழ்ப் பற்கள். நிலைப்பற்களின் முளை, பால் பற்களின் வேருக்கு நாக்குப் பக்கமாகத்தான் உட்கார்ந்திருக்கும். மேலே ஏறி வரும்போது பால் பல்லின் வேரைக் கரைத்துக்கொண்டே வர வேண்டும். சில குழந்தைகளுக்கு அது முழுதாகக் கரைவதற்குள் புதுப் பல் எட்டிப் பார்த்துவிடுகிறது. பால் பல் ஆடுகிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். ஆடினால் ஒரு கொய்யாக்காயைக் கையில் கொடுங்கள், மீதியைக் கொய்யாக்காய் பார்த்துக்கொள்ளும். இரண்டு மூன்று மாதமாகியும் அசையாமல் இறுகி நின்றால் பல் மருத்துவர் அதை எடுத்துவிடட்டும், ஐந்து நிமிட வேலை. பின்னால் நிற்கும் பல்லை நாக்கே கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்குத் தள்ளிக்கொண்டு வரும். நாக்கை விடப் பொறுமையான பல் சீரமைப்பு மருத்துவரை நான் பார்த்ததில்லை. அது கட்டணமும் கேட்பதில்லை.

(விழுந்த பல்லைச் சாணி உருண்டையில் வைத்துக் கூரை மேல் எறிய வேண்டும் என்று என் பாட்டி கல்லிடைக்குறிச்சியில் சொல்லியிருக்கிறார். முலுண்டில் பதினான்காவது மாடியில் இருந்துகொண்டு சாணிக்கு எங்கே போவது என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை.)

அடுத்து மேல் இடைவெளி. உங்கள் மகளின் முகத்துக்குள், மூக்கின் இரு பக்கமும், இரண்டு கோரைப்பற்கள் இன்னும் எலும்புக்குள்ளேயே இருக்கின்றன. அவை கீழே இறங்கி வர பதினொன்று, பன்னிரண்டு வயதாகும். இறங்கும் வழியில் பக்கத்துப் பற்களின் வேர்களை நெருக்குகின்றன. வேர் நெருங்கினால் பல்லின் நுனி விசிறி போல விரியும், நடுவில் சந்து விழும். அழகற்ற வாத்துக்குஞ்சுப் பருவம் என்று இதற்குப் பெயர் வைத்தவர் பிராட்பென்ட் என்ற அமெரிக்கர், 1937-இல். கோரைப்பற்கள் முழுதாக இறங்கியதும், இரண்டு மில்லிமீட்டர் வரையிலான சந்து பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும். இந்தப் பருவத்தில் அவசரப்பட்டு அந்தப் பற்களை இழுத்துக் கட்டினால், வேர்கள் போய் இறங்கிக்கொண்டிருக்கும் கோரைப்பல்லின் வழியில் நிற்கும், வேரே தேய்ந்துபோகவும் கூடும். சந்து இரண்டு மில்லிமீட்டரைவிட அகலமாக இருந்தால் மட்டும், நடுவில் உபரிப் பல் ஏதாவது எலும்புக்குள் ஒளிந்திருக்கிறதா என்று ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

இரண்டு முறை கம்பி போடும் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே கேள்வியுடன் இன்னும் நான்கு கடிதங்கள் கிடக்கின்றன. ஏழு வயதுக்குள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கம் சொல்வது, பார்ப்பதற்கு மட்டும்தான். அந்த வயதில் முதல் கடைவாய்ப்பற்கள் வந்துவிட்டன, முன்பற்கள் வந்துகொண்டிருக்கின்றன. மேல் தாடையும் கீழ்த் தாடையும் எப்படிப் பொருந்துகின்றன என்று முதன்முதலாகத் தெரிகிறது. எத்துப்பல் உள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு எட்டு வயதிலும், மறுபகுதியினருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலும் தொடங்கி ஒப்பிட்ட ஆய்வுகள் பல உண்டு. முடிவில் இரு சாராரின் கடிப்பும் ஏறத்தாழ ஒன்றுதான். முன்கூட்டியே தொடங்கியவர்களுக்குக் கிடைத்த உருப்படியான லாபம் ஒன்றே ஒன்று: விழுந்து முன்பல்லை உடைத்துக்கொள்வது அவர்களிடம் குறைவாக இருந்தது. ஆகவே பல் மிகவும் எத்திக்கொண்டிருக்கிற, ஓரிடத்தில் நிற்காமல் ஓடுகிற பையனுக்கோ, கேலி தாங்காமல் வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசும் பெண்ணுக்கோ சீக்கிரம் தொடங்குவதில் நியாயம் இருக்கிறது. உங்கள் மகளுக்கு, நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அந்த நியாயம் தெரியவில்லை.

அந்த கிளினிக்கில் மறுபடி போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இரண்டு வருடம் காத்திருந்தால் எதை இழப்போம்?" நல்ல மருத்துவர் எக்ஸ்ரேயை விளக்குக்கு முன் பிடித்து விரல் வைத்துக் காட்டுவார். பதில் வழவழவென்று வந்தால் வேறோர் இடத்தில் காட்டுங்கள். பி.டி.எஸ். முடித்து, மேலும் மூன்றாண்டு பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். படித்தவரா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ் அருகே அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மும்பை சென்ட்ரலில் மாநகராட்சியின் நாயர் பல் மருத்துவமனை இருக்கிறது. இரண்டிலும் இதற்கென்றே தனித்துறை உண்டு. அரை நாள் ஒதுக்கிக்கொண்டு போங்கள்.

தாராவியிலிருந்து ஒரு தந்தை: "என் மகனுக்கு ஆறரை வயது. கீழ்க் கடைவாய்ப் பால் பல் சொத்தையாகி, முகம் வீங்கி, எடுக்க வேண்டியதாயிற்று. எடுத்த டாக்டர் அந்த இடத்தில் கம்பி வளையம் ஒன்று போட வேண்டும் என்கிறார். பால் பல்தானே, எப்படியும் விழப்போவது, அதற்கு எதற்கு இந்தச் செலவு என்று என் அண்ணன் கேட்கிறார்."

ஐயா, ஊருக்குப் போக பஸ் நிலையத்தில் நின்றிருப்பீர்கள். பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்போம் அல்லவா? பால் கடைவாய்ப்பல் அந்தத் துண்டு. அதன் அடியில் வளரும் நிலைப்பல் ஏறி உட்காரப் பதினோரு வயதாகும். நான்கு, ஐந்து வருடத்துக்குத் துண்டு இல்லாமல் இடம் காலியாகக் கிடந்தால் பின்னால் இருப்பவர் நகர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

பின்னால் இருப்பவர் யார் தெரியுமா? இங்கேதான் முக்கால்வாசிப் பெற்றோர் ஏமாறுகிறார்கள். ஆறு வயதை ஒட்டி, எந்தப் பல்லும் விழாமலே, வாயின் கடைசியில் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு பெரிய பற்கள் முளைக்கின்றன. எதுவும் விழவில்லையே, அதனால் இதுவும் பால் பல்தான் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அவை ஆயுள் முழுக்க இருக்க வேண்டிய முதல் நிலைக் கடைவாய்ப்பற்கள். முன்னால் இடம் காலியானால் இந்தப் பல்தான் சாய்ந்து முன்னுக்கு வரும். பிறகு பதினோரு வயதில் வரவேண்டியது வழியில்லாமல் எலும்புக்குள் மாட்டிக்கொள்ளும், அல்லது கன்னப் பக்கமோ நாக்குப் பக்கமோ துருத்திக்கொண்டு வரும். அப்போது ஆகும் செலவைக் கேட்டால் உங்கள் அண்ணன் இன்றைய வளையத்தின் விலையைப் பேசமாட்டார்.

அந்த வளையம் எளிய பொருள். பக்கத்துப் பல்லில் மாட்டிய ஓர் எஃகுப் பட்டை, அதிலிருந்து காலி இடத்தின் குறுக்கே நீளும் ஒரு கம்பிக் கண்ணி, அவ்வளவுதான். பல்லை நகர்த்தாது, நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். உங்கள் டாக்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். மகனுடைய கடைசிப் பல் முளைத்துவிட்டதா, எந்தப் பால் பல்லை எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து அமைப்பு கொஞ்சம் மாறும், அதை அவரிடமே விட்டுவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள். பட்டையின் சிமென்ட் கரைந்தால் அதனடியில் சொத்தை பிடிக்கும். புதுப் பல் ஈறைக் கிழித்துத் தலைகாட்டியதும் கழற்றிவிட வேண்டும்.

இன்னொரு செய்தி. பின்பக்கத்துப் பால் கடைவாய்ப்பல், அதற்குப் பதிலாக வரும் நிலைப்பல்லைவிட அகலமானது. கீழ்த்தாடையில், கோரையையும் இரண்டு கடைவாய்ப்பற்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரு பக்கத்துக்குச் சராசரியாக 1.7 மில்லிமீட்டர் மிச்சமாகும். 1947-இல் நான்ஸ் என்பவர் அளந்து சொன்ன கணக்கு. முன்பல் நெரிசலைத் தீர்க்க இயற்கை ஒதுக்கிவைத்திருக்கும் சேமிப்பு அது. சரியான நேரத்தில் பிடித்துவைத்தால், சில பிள்ளைகளுக்குப் பின்னாளில் நல்ல பல்லைப் பிடுங்கி இடம் பண்ண வேண்டிய தேவையே வராது.

மாட்டுங்காவிலிருந்து ஒரு பாட்டி: "பேரனுக்கு ஆறு வயது. இன்னும் கட்டைவிரல் சூப்புகிறான். வேப்பெண்ணெய் தடவினேன், அதையும் ருசித்துவிட்டான். மிளகாய் அரைத்துத் தடவலாமா? மேல் முன்பல்லும் கீழ் முன்பல்லும் ஒட்டுவதில்லை. தோசையை முன்பல்லால் கடிக்க முடியாமல் பக்கவாட்டில் வைத்துக் கிழிக்கிறான்."

மாமி, மிளகாயைச் சமையலறையிலேயே வையுங்கள். தூக்கத்தில் அந்த விரலால் கண்ணைத் தேய்த்தால் நள்ளிரவில் நீங்கள் சயான் மருத்துவமனைக்கு டாக்சி தேட வேண்டியிருக்கும். அதைவிட முக்கியம், விரல் சூப்புவது குற்றம் இல்லை, தண்டிப்பதற்கு. தூக்கத்தைத் தேடும் குழந்தையின் வழி அது. திட்டத் திட்ட ஆறுதல் தேடி அதே விரலுக்குத்தான் திரும்புவான்.

ஆனால் தோசையைப் பற்றி எழுதினீர்களே, அதற்காக உங்களைப் பாராட்ட வேண்டும். என் கேள்வித்தாளில் அது இல்லை, இனி சேர்த்துக்கொள்கிறேன். முன்பற்களுக்கு நடுவே வாசல் திறந்திருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

பெரும்பாலான குழந்தைகள் நான்கு வயதை ஒட்டித் தாமாகவே விட்டுவிடுகிறார்கள். அதுவரை ஒன்றும் செய்ய வேண்டாம். நிலை முன்பற்கள் வரும் நேரத்திலும் தொடர்ந்தால்தான் தொல்லை. எவ்வளவு வலுவாகச் சூப்புகிறான் என்பதைவிட எத்தனை மணி நேரம் என்பதுதான் கணக்கு. பகலில் ஐந்து நிமிடம் வெறியுடன் சூப்பும் குழந்தையின் பல் நகராது. இரவு முழுவதும் விரல் சும்மா வாயில் கிடந்தாலே நகர்ந்துவிடும். விரல் உள்ளே இருக்கும்போது நாக்கு கீழே தாழ்ந்துவிடுகிறது. மேலண்ணத்தை உள்ளிருந்து தாங்க ஆள் இல்லை, வெளியிலிருந்து கன்னம் அழுத்துகிறது, மேல்தாடை குறுகிப்போகிறது.

இப்போது நிறுத்தினால் திறந்த வாசல் பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். வழி இது. பேரனுடன் பகலில் உட்கார்ந்து பேசுங்கள். கண்ணாடியில் பல்லைக் காட்டுங்கள். காலண்டரில் விரல் வாய்க்குப் போகாத இரவுக்கு ஒரு நட்சத்திரம் ஒட்டச் சொல்லுங்கள், ஏழு நட்சத்திரத்துக்கு ஒரு சின்னப் பரிசு. "எனக்கு ஞாபகப்படுத்த ஏதாவது வேண்டும்" என்று அவனே கேட்டால், கைக்கு ஒரு பருத்திக் கையுறை. இரண்டு மூன்று மாதம் முயன்றும் முடியவில்லை என்றால் அழைத்துவாருங்கள். மேலண்ணத்தில் ஒரு சின்னக் கம்பி வேலி போடலாம். விரலை வைத்தால் சுகம் இருக்காது, பழக்கம் விட்டுப்போகும், பிறகும் ஓர் ஆறு மாதம் உள்ளேயே இருக்கட்டும். அவன் சம்மதம் இல்லாமல் போடமாட்டேன். ஆறு வயதுக்காரனின் சம்மதமா என்று கேட்காதீர்கள். சம்மதிக்காத ஆறு வயதுக்காரன் அந்தக் கம்பியை இரண்டே நாளில் பிடுங்கி என் மேசை மேல் வைத்திருக்கிறான்.

அணுசக்தி நகரிலிருந்து ஒரு வாசகர்: "மகனுக்கு எட்டு வயது. கீழ்ப் பற்கள் மேல் பற்களுக்கு முன்னால் நிற்கின்றன. எனக்கும் என் தந்தைக்கும் இதே அமைப்பு. பரம்பரை என்றால் சிகிச்சையால் பயன் உண்டா? எந்த வயது உகந்தது, எவ்வளவு காலம், வெற்றி வாய்ப்பு எத்தனை சதவீதம்? வரிசையாகப் பதில் தேவை."

விஞ்ஞானி என்று கையெழுத்திலேயே தெரிகிறது. வரிசை எனக்கு வராது, ஆனாலும் எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது.

இன்று மாலை ஒரு சோதனை செய்யுங்கள். மகனை நிமிர்ந்து உட்காரவைத்து, நாக்கு நுனியை மேலண்ணத்தின் பின்பக்கம் மடித்துவைத்துக்கொண்டு மெதுவாக வாயை மூடச் சொல்லுங்கள். மேல், கீழ் முன்பற்கள் நுனிக்கு நுனி முட்டி, பிறகு கீழ்த்தாடை சறுக்கி முன்னால் போகிறதா? அப்படியென்றால் கோளாறின் பெரும்பகுதி பல்லில் இருக்கிறது, தாடையில் குறைவு. ஸ்பிரிங் வைத்த ஒரு சின்னத் தகட்டால் சில மாதங்களில் சரியாகிவிடக்கூடியது. இது காத்திருக்கக் கூடாத வகை. தள்ளிப்போட்டால் கீழ் முன்பல்லின் ஈறு தேய்ந்து இறங்கும்.

கீழ்த்தாடையால் பின்னால் வரவே முடியவில்லை, பல் நுனிகூட முட்டவில்லை என்றால் தாடைகளின் வளர்ச்சியில் வித்தியாசம். பல பிள்ளைகளுக்குக் கீழ்த்தாடை நீண்டிருப்பதைவிட மேல்தாடை பின்தங்கியிருப்பதுதான் காரணம். அதை முன்னுக்கு இழுக்க முகக்கவசம் போன்ற ஒரு கருவி இருக்கிறது. நெற்றியிலும் முகவாயிலும் தாங்கிக்கொண்டு, ரப்பர் வளையங்களால் மேல்தாடையை முன்னால் இழுக்கும். நாளுக்குப் பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம், மாலையிலும் இரவிலும் வீட்டில் போட்டால் போதும், பள்ளிக்கு வேண்டாம். பத்து வயதுக்குள் தொடங்குவது நல்லது. மேல்தாடையின் எலும்புப் பொருத்துகள் அதற்குப் பிறகு இறுகத் தொடங்குகின்றன. உங்கள் மகனுக்கு எட்டு, ஆகவே இந்த ஆண்டே.

சதவீதம் கேட்டீர்கள். பிரிட்டனில் ஏழு முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் இந்தக் கருவியைக் கொடுத்து ஆறு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். தாடை அறுவை தேவைப்படும் என்று நிபுணர் குழு கருதியது, கருவி போட்டவர்களில் 36 சதவீதத்தினருக்கு, போடாதவர்களில் 66 சதவீதத்தினருக்கு. அதாவது பயன் உண்டு, உத்தரவாதம் இல்லை. உங்கள் மகன் உங்கள் தந்தையின் தாடையையே முழுசாகச் சுவீகரித்திருந்தால், வளர்ச்சி நின்றபின், பதினெட்டுக்கு மேல், அறுவை பற்றிப் பேச வேண்டிவரலாம். ஐரோப்பாவின் ஹாப்ஸ்பர்க் அரச வம்சத்தினரின் ஓவியங்களைப் பாருங்கள், கீழ்த்தாடை தலைமுறை தலைமுறையாக வருகிறது. அவர்களுக்குக் கருவியும் இல்லை, சொல்ல ஆளும் இல்லை.

டோம்பிவிலி வாசகி: "ஒன்பது வயது மகள் வாயைத் திறந்துகொண்டே தூங்குகிறாள், குறட்டையும் விடுகிறாள். மேலண்ணம் ஒடுங்கியிருக்கிறது. விரிக்கும் கருவி போட்டால் குறட்டை நிற்கும் என்கிறார்களே?"

முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவர், பிறகு நான். மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை வளர்ந்து வழியை அடைத்திருந்தால், அண்ணத்தை எவ்வளவு விரித்தாலும் குழந்தை வாயால்தான் மூச்சு விடுவாள். ஒவ்வாமையா என்றும் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் நம் வீட்டுச் சுவர்களில் பூக்கும் பூஞ்சை ஒன்று போதும். மூக்கு வழி திறந்தபின்னும் அண்ணம் ஒடுங்கி, கடைவாய்ப்பற்கள் உள்வாங்கிக் கடித்தால், விரிக்கும் கருவிக்கு இதுதான் நல்ல வயது. அண்ணத்தின் நடுப்பொருத்து இன்னும் இறுகவில்லை. அம்மாவிடம் ஒரு சின்னச் சாவி கொடுப்போம், ஒரு திருகுக்குக் கால் மில்லிமீட்டர். இரண்டாவது வாரத்தில் முன்பற்களுக்கு நடுவே சந்து விழும். அதைப் பார்த்து இரவு பதினொரு மணிக்கு எனக்குத் தொலைபேசி செய்யாத அம்மா இதுவரை இல்லை. பொருத்து திறக்கிறது என்பதற்கு அது அடையாளம், நல்ல செய்தி. காலையில் சொல்லலாம்.

செம்பூர் வாசகி ஒருவர்: "மகளுக்குச் சிங்கப்பல். அதிர்ஷ்டம் என்கிறார்கள். எடுக்கலாமா?"

எடுக்கவே கூடாது. அது கோரைப்பல், வாயில் மிக நீளமான வேர் உள்ள பல். இடம் போதாமல் மேலே ஏறி நிற்கிறது. ஜப்பானில் அதை அழகு என்று செயற்கையாகவே வைத்துக்கொள்பவர்கள் உண்டு. உங்கள் மகளுக்குப் பிடித்திருந்தால், நன்றாகத் துலக்க முடிந்தால் இருக்கட்டும். பிடிக்கவில்லை என்றால் கம்பி போட்டு வரிசைக்கு இறக்கலாம். அதிர்ஷ்டம் என் துறை இல்லை.

வாஷியிலிருந்து ஒரு தாயார்: "மகளுக்குப் பன்னிரண்டு வயது. இடப்பக்கக் கோரைப்பல் வந்துவிட்டது. வலப்பக்கம் இன்னும் பால் பல்லே ஆடாமல் நிற்கிறது. வரும் என்று காத்திருக்கலாமா?"

காத்திருக்க வேண்டாம். பெரியவர்களின் கடிதங்களில் இதைக் கடைசிக்கு ஒதுக்கியதற்குக் காரணம், பதில் எனக்கு என் வீட்டிலிருந்தே தெரியும் என்பதுதான்.

ஒன்பது, பத்து வயதில் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. ஆள்காட்டி விரலைக் கழுவிக்கொண்டு, மேல் உதட்டுக்குள், பால் கோரைப்பல்லுக்கு மேலே ஈறின் மீது தடவிப் பார்க்க வேண்டும். உள்ளே ஒரு கொண்டைக்கடலை இருப்பது போல இருபுறமும் மேடு தட்டுப்பட வேண்டும். ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லை என்றால் பல் வழி தவறி அண்ணத்துப் பக்கம் போய்க்கொண்டிருக்கலாம். பத்து நொடி வேலை. ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குச் செய்திருக்கிறேன். என் மகனுக்குச் செய்யவில்லை.

அவனுக்குப் பதின்மூன்று வயது இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை நான் வேலை முடிப்பதற்காகக் காத்திருந்தபடி என் கிளினிக் நாற்காலியில் சாய்ந்துகொண்டு காமிக்ஸ் படித்துக்கொண்டிருந்தான். எதற்கோ வாய்விட்டுச் சிரித்தான். என்னுடன் அப்போது எட்டு வருடமாக வேலை செய்துவந்த உதவியாளர், கருவிகளைக் கழுவிக்கொண்டே, "மேடம், தம்பிக்கு இந்தப் பக்கம் பால் பல் இன்னும் விழவில்லையே" என்றார். அன்றே எக்ஸ்ரே எடுத்தேன். கோரைப்பல் அண்ணத்தில் கிட்டத்தட்டப் படுத்துக்கொண்டிருந்தது. அதன் நுனி பக்கத்துப் பல்லின் வேரைத் தொட்டுக்கொண்டிருந்தது. மயக்கமருந்து, ஈறு அறுவை, பல்லில் ஒட்டிய மெல்லிய சங்கிலி, அதை மாதா மாதம் இழுத்து இறக்க இரண்டு வருடம். நானே வைத்தியம் செய்ய என் கை ஒப்பவில்லை, என்னுடன் படித்த தோழியிடம் அனுப்பினேன். அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பத்து வயதில் பார்த்திருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒரு பால் பல்லைப் பிடுங்கியிருப்பேன். ஸ்வீடனில் எரிக்சனும் குரோலும் 1988-இல் வெளியிட்ட கணக்கு அது: அண்ணத்துப் பக்கம் வழி தவறிய 46 கோரைப்பற்களில், பால் கோரைப்பல்லை நேரத்தோடு எடுத்ததால் மட்டும் 36 பற்கள் தாமாக நேர்வழிக்குத் திரும்பின. நான் பரீட்சைக்குப் படித்து எழுதிய பாடம்.

உங்கள் மகளுக்கு இந்த வாரமே ஓபிஜி எடுத்துவிடுங்கள், முழு வாயும் ஒரே படத்தில் தெரியும் எக்ஸ்ரே. பல் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் மேலே பேச முடியும். பன்னிரண்டில் பால் பல்லை எடுத்தாலே போதும் என்ற வாய்ப்பு இன்னும் இருக்கிறது, ஆனால் மாதத்துக்கு மாதம் குறைகிறது. மகளிடம் பயமுறுத்திப் பேச வேண்டாம்.

டோம்பிவிலியிலிருந்து பதினோரு வயதுப் பையன், தானே எழுதியது: "டாக்டர் ஆன்ட்டி, எனக்கு அடுத்த மாதம் கம்பி போடப்போகிறார்கள். வலிக்குமா? கிரிக்கெட் ஆடலாமா? சிக்கி சாப்பிடலாமா?"

தம்பி, போடும்போது வலிக்காது. அன்று இரவிலிருந்து மூன்று நாள் பல் கூசும், தயிர் சாதமும் இட்டிலியும் சாப்பிடு. கிரிக்கெட் தாராளமாக ஆடு, ஆனால் பல்லுக்கு உறை போட்டுக்கொள், டாக்டரிடம் கேட்டால் தருவார். எப்போதாவது பந்து பட்டுப் பெரிய பல் வேரோடு விழுந்துவிட்டால், வேரைத் தொடாமல் பல்லின் தலையைப் பிடித்து எடுத்து, ஒரு டம்ளர் பாலில் போட்டு, அரை மணிக்குள் டாக்டரிடம் ஓடு, திரும்ப வைத்துவிடலாம். இதை உன் அணியில் எல்லோருக்கும் சொல். லோனாவ்லா சிக்கி என்ற கடலை மிட்டாய், கரும்பு, முறுக்கு மூன்றும் கம்பி கழற்றும்வரை கிடையாது. அவை பல்லில் ஒட்டியதைப் பெயர்த்துவிடும், உனக்கு ஒருமுறை அதிகமாக நாற்காலி. விநாயகர் சதுர்த்திக் கொழுக்கட்டைக்குத் தடையில்லை, ஆவியில் வெந்ததாக இருந்தால் எத்தனை வேண்டுமானாலும். சாப்பிட்டதும் பல் துலக்கிவிடு.